என் ரத்தத்தில் வளர்ந்தவை

என் ரத்தத்தை என் உடம்புக்கு வெளியே, உயிரோடு, நான் முதன்முதலாகப் பார்த்தது ஒரு தட்டையான பிளாஸ்டிக் குடுவைக்குள். உள்ளங்கை அகலம்தான் இருக்கும் அந்தக் குடுவை. படுக்கவைத்திருந்தார்கள். அடியில் செம்மண் படிந்ததுபோல மெல்லிய படலமாக ரத்தம் கிடக்க, அதன்மேல் ரோஜா நிறத்தில் ஒரு திரவம் நின்றது. தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். அந்த ஆய்வகத்தை நடத்திய விஞ்ஞானி, நாங்கள் மேடம் என்று கூப்பிடுபவர், அதை எடுத்து என் கையில் வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. “நம்ம உடம்புச் சூடுதான்,” என்றார். “உங்க உடம்புக்குள்ளயே இருக்கறதா அது நெனச்சுக்கிட்டு இருக்கு.”

அது என்று அவர் சொன்னது மலேரியா ஒட்டுண்ணியை. எங்கள் ஊரில் பெரியவர்கள் முறைக்காய்ச்சல் என்பார்கள்; முறை வைத்துக்கொண்டு வந்து உடம்பை உலுக்கிவிட்டுப் போகிற காய்ச்சல். அந்த முறையை வைத்திருப்பது இந்த ஒட்டுண்ணிதான். கொசுவின் எச்சிலோடு உள்ளே வந்து, ஈரலில் சில நாள் தங்கி, பிறகு ஒரு சிவப்பணுவுக்குள் புகுந்து அதைத் தின்று பெருகும். அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வந்து அடுத்ததற்குள் புகும். இந்த வகையை ஆராய்ச்சிக்கூடத்தில் வளர்க்க மனித ரத்தம்தான் வேண்டும். ஆட்டு ரத்தமோ எலி ரத்தமோ ஆகாது. மேடம் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்த ஒட்டுண்ணி என்ன தின்கிறது, எப்படித் தின்கிறது என்று கண்டுபிடிப்பதில் செலவழித்தவர். அதற்குத் தேவைப்பட்ட ரத்தத்தில் பெரும்பங்கு என்னுடையது.

செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் போகும் சாலையில், ஏரிக்கரையை ஒட்டி, ஓர் அறக்கட்டளை நடத்திய சிறிய ஆராய்ச்சி நிலையம் அது. நான் அங்கே ஸ்டோர்ஸில் இருந்தேன். கருங்குழியிலிருந்து செங்கல்பட்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தே காலமானவர். எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தச் சம்பளத்துக்குப் பங்கம் வந்துவிடக் கூடாது என்று யாரிடமும் அதிகம் பேசாமல், கண்ணாடிக் குழாய்களையும் கையுறைப் பெட்டிகளையும் எண்ணிக் கொடுத்துக்கொண்டு கீழ்த்தளத்திலேயே இருந்தேன். மேல்தளத்து விஞ்ஞானிகளுக்கு நான் ஒரு ஜன்னல். கையை நீட்டினால் பொருள் வரும், அவ்வளவுதான்.

மேடம் என்னிடம் முதலில் பேசியது கேன்டீன் வரிசையில். என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை திரும்பிக் கிடந்தது. அதன் பின்பக்கத்தில் ரத்த வகை அச்சிட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு, “நீங்க ஓ பாசிட்டிவா?” என்றார். ஆமாம் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நாற்பதை நெருங்கிய, ஒல்லியான பெண்மணி. வாரி முடிந்த தலைமுடியில் காதோரம் மட்டும் நரை. வழக்கமாக ரத்தம் கொடுத்த ஆராய்ச்சி மாணவர் படிப்பு முடிந்து வெளிநாடு போகிறார் என்றும், மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் ரத்தம் கொடுக்க முடியுமா, கட்டாயம் ஏதும் இல்லை என்றும் கேட்டார். தயங்கியபடி, கை நீட்டத் தெரியாதவர் கை நீட்டுவதுபோலக் கேட்டார். என்னிடம் ஒருவர் அப்படிக் கேட்டது எனக்குப் புதிது. சரி என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். “இன்னாடி சொல்ற? காச்சலுக்கு நீ ரத்தம் ஊத்தி வளக்கப் போறியா? என் தம்பிய வாரிகினு போச்சே, அந்தக் காச்சலுக்கா?” என்றாள். அந்த மாமாவை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்பே, சின்ன வயதில், குளிரில் பல் கிட்டிச் செத்துப்போனவர். மருந்து கண்டுபிடிப்பதற்காகத்தான் வளர்க்கிறார்கள் என்று விளக்கினேன். அம்மா குரலைத் தாழ்த்தி, “நம்ம ரத்தம்னு தெரிஞ்சிதான் வாங்கறாங்களா?” என்று கேட்டாள். குடிக்கத் தண்ணீர் கேட்டால் உயரத்திலிருந்து கையில் ஊற்றும் வீட்டுக்காரர்களின் வயல்களில் களையெடுத்து வளர்ந்தவள் அவள். அவர்கள் ரத்த வகையை மட்டும்தான் கேட்டார்கள் என்றேன்.  அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா ஆட்டு ஈரல் வாங்கி வந்திருந்தாள். “காச்சலுக்கும் சேத்துத் துன்னு,” என்று என் தட்டில் வைத்தாள். அதன்பின் எங்கள் வீட்டில் முருங்கைக்கீரை இல்லாத வாரம் இருந்ததில்லை.

ரத்தம் எடுக்க ஒரு நர்ஸ் வருவார். எடுத்ததும் மேடம் அதை வாங்கிக்கொண்டு போய்ச் சுழலவைத்து, வெள்ளணுக்களையும் நீரையும் நீக்கி, சிவப்பணுக்களை மட்டும் திரும்பத் திரும்பக் கழுவுவார். பிறகு குடுவைகளில் பிரித்து ஊற்றி, மூடிகளைத் தளர்த்தி, ஒரு பெரிய கண்ணாடி ஜாடிக்குள் அடுக்குவார். அந்த ஒட்டுண்ணிக்கு நம் அளவுக்குக் காற்று ஆகாது. பெரிய ஆய்வகங்களில் அதற்கென்று கலந்த வாயு சிலிண்டர் இருக்கும். எங்களிடம் இல்லை. ஜாடிக்குள் ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி வைத்து மூடியை மெல்ல நகர்த்துவார். உள்ளிருக்கும் காற்று குறையக் குறையச் சுடர் குறுகி, நீலமாகி, தானே அணையும். அந்த நொடியில் மூடியை இறுக்கி, உடம்புச் சூட்டில் இருக்கும் இன்குபேட்டருக்குள் வைப்பார். மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அது அணையாமல் இருக்க வேண்டுமே என்று பார்த்துப் பழகியவள் நான். இங்கே அது அணைவதற்காக இரண்டு பேரும் பேச்சில்லாமல் காத்திருப்போம்.

குடுவையில் நிற்கும் ரோஜா நிறத் திரவம்தான் அவற்றின் சாப்பாடு. மறுநாள் பார்த்தால் அது மஞ்சளாகியிருக்கும். “தின்ன சர்க்கரைய முழுசா எரிக்காது. பாதி எரிச்சுட்டு மீதியப் புளிக்கவச்சு வெளிய துப்பிடும். அந்தப் புளிப்புலதான் நிறம் மாறுது. அடுத்தவங்க வீட்ல உக்காந்து சாப்பிடறதுக்குச் சிக்கனம் எதுக்கு?” என்று மேடம் சொல்வார். அவர் வேடிக்கையாகப் பேசுவது அந்த ஒட்டுண்ணியைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான். அதே ஒட்டுண்ணி கொசுவின் உடம்புக்குள் போனதும் குணம் மாறி, கிடைத்ததை ஒட்டச் சுரண்டி முழுதாக எரிக்கத் தொடங்கும். இரண்டு வீட்டில் இரண்டு விதமான அடுப்பு. இந்த மாற்றத்தை எது நடத்துகிறது, எங்கே கை வைத்தால் இரண்டு அடுப்பும் அணையும் என்பதுதான் அவருடைய கேள்வி.

மஞ்சளானால் பசி. உடனே பழைய திரவத்தை எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். ஒருநாள் தவறினாலும் கூட்டம் கூட்டமாகச் செத்துவிடும். ஞாயிறு, பொங்கல், கிறிஸ்துமஸ் எதுவும் அதற்குக் கிடையாது. மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் பூஞ்சேரியில் ஒரு வாடகை வீட்டில் மேடம் தனியாக இருந்தார். தினமும் காலையில் ஸ்கூட்டரில் வந்து ஊட்டுவார், சாயங்காலம் பார்த்துவிட்டுப் போவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்தில் அவருடைய அம்மா தனியே இருந்தார். மாணவர் யாராவது இருந்தவரை அவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு வருடத்தில் ஒருமுறை ஊருக்குப் போய்வந்தார். பிறகு மாணவர்கள் வருவது நின்றது. மலேரியா பழைய வியாதியாகிவிட்டது, இதில் சேர்ந்தால் எதிர்காலம் இல்லை என்று பேசிக்கொண்டார்கள். வரும் தீபாவளிக்கு வந்துவிடுகிறேன் என்று அவர் போனில் அம்மாவிடம் சொல்வதை நான் பல தீபாவளிகளுக்குக் கேட்டிருக்கிறேன்.

ஆட்கள் இல்லாமல் போன அந்தக் காலத்தில்தான் அவருக்குப் பெரிய அதிர்ஷ்டம் வந்தது. மலேரியாவைப் பரப்பும் கொசு இந்தப் பக்கத்தில் கிணறுகளிலும் மொட்டைமாடித் தொட்டிகளிலும் முட்டையிடும். கொசுவின் குடலில் நம் குடலைப் போலவே பலவகை நுண்ணுயிர்கள் குடியிருக்கும். அவற்றில் ஏதாவது ஒன்று இந்த ஒட்டுண்ணிக்கு எதிரியாக இருக்கலாம் என்று மேடம் நினைத்தார். கடற்கரைக் கிணறுகளிலிருந்து கொசுப்புழுக்களை அள்ளி வந்து வளர்த்து, அவற்றின் குடலிலிருந்த நுண்ணுயிர்களைத் தட்டுகளில் தனித்தனியே முளைக்கவைத்து, அவை கக்கிய சாற்றை வடிகட்டி, ஒவ்வொன்றாக என் ரத்தக் குடுவைகளில் விட்டுப் பார்த்தார். பெரும்பாலானவை ஒன்றும் செய்யவில்லை. சில, ஒட்டுண்ணியோடு சிவப்பணுக்களையும் சேர்த்து அழித்தன. ஒருநாள் காலை இன்டர்காமில் கூப்பிட்டார். போனேன். மேசைமேல் குடுவைகள் வரிசையாக இருந்தன. எல்லாம் மஞ்சள், ஒன்று மட்டும் முந்தைய நாள் ஊற்றிய அதே ரோஜா நிறம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு சவுக்குத் தோப்புக் கிணற்றிலிருந்து வந்த, மங்கிய ஆரஞ்சு நிறத்தில் முளைத்த ஒரு நுண்ணுயிரின் சாறு அதில் விட்டிருந்தது.

மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். என் சிவப்பணுக்கள் வட்டமாக, நலமாக இருந்தன. சிலவற்றுக்குள் சின்ன மோதிரம்போல ஒட்டுண்ணி இருந்தது. “மோதிரமாவே நின்னுடுச்சு. வளரல. சாப்பிடல,” என்றார்.  இந்த நல்ல செய்தியைச் சொல்லிக்கொள்ள அந்தக் கட்டடத்தில் அவருக்கு ஸ்டோர்ஸில் இருந்த என்னைத் தவிர வேறு யாரும் இல்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

அதை உறுதிப்படுத்தத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்த மாதங்களில் மழைக்காலம் வந்தது. அந்த வருடத்து மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மழை வலுப்பதற்கு முந்தைய நாள் அம்பாசமுத்திரத்திலிருந்து போன் வந்தது. மேடத்தின் அம்மா போய்விட்டார். மேடம் ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு வந்து நின்றார். அழவில்லை. “உங்களால ஊட்ட முடியுமா? நீங்க எத்தனையோ தடவ பக்கத்துல நின்னு பாத்திருக்கீங்க,” என்றார். முடியாது என்று எப்படிச் சொல்வேன்? அன்றைக்கே ஒருமுறை என்னைச் செய்யவைத்துப் பார்த்துவிட்டு ரயிலுக்குப் போனார்.

மறுநாள் நான் வந்து சேர்ந்த பிறகு சாலை மூழ்கிவிட்டது. கரன்ட் போனது. ஏரி நிரம்பி வளாகத்து வாசல்வரை தண்ணீர். அந்த நாட்களை நிலையத்து விருந்தினர் அறையில் கழித்தேன். அம்மா கருங்குழியில் தனியாக இருந்தாள். அவளிடம் போனில் பேசினால், “நீ அந்தக் காச்சலக் கட்டிகினு அய்வு, வூட்டுல ஒருத்தி கீறான்னு நெனப்பு கீதா?” என்றாள். கவச உடையும் கையுறையும் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மஞ்சளான திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை விடுவேன். மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அது அணையும்வரை நிற்பேன். சுற்றிலும் தண்ணீர், கட்டடத்தில் நானும் காவலாளி அண்ணனும் மட்டும். என் அம்மாவின் தம்பியைக் கொன்ற ஒன்றுக்கு என் ரத்தத்தில் வைத்துச் சோறு ஊட்டுகிறேன் என்று நினைக்கையில் உடம்பு சிலிர்க்கும். ஆனாலும் மறுநாள் குடுவை மஞ்சளாக இருந்தால் மனசு நிம்மதியாகும். உயிரோடு இருக்கிறது, பசிக்கிறது.

கரன்ட் போன அந்த முதல் நாளே காவலாளி அண்ணன் மேலே வந்தார். ஜெனரேட்டருக்கு டீசல் தீருகிறது, டேங்கர் வர வழியில்லை என்றார். “ரெண்டு மிஷினையும் ஓட்டுனா மத்தியானத்தோட சரி. ஒண்ணே ஒண்ணுதான் ஓட்டலாம். எதுன்னு மேடத்தக் கேளு,” என்றார். ஒன்று குடுவைகள் இருந்த இன்குபேட்டர். மற்றொன்று ஆழ்குளிர் ஃப்ரீசர். ஆரஞ்சு நுண்ணுயிரின் ஆதிச் சேமிப்பு அதில்தான் உறைந்திருந்தது. மேடத்துக்குப் போன் செய்தேன். எடுத்தார். பின்னால் பெண்களின் ஒப்பாரி கேட்டது. விஷயத்தைச் சொன்னேன். 

“குடுவை என்ன கலர்ல இருக்கு?” என்றார்.

“மஞ்சளாயிருந்துச்சு, மேடம். இப்பதான் மாத்தினேன்.”

“இன்குபேட்டரையே ஓட்டச் சொல்லுங்க. ஃப்ரீசரத் தொறக்காதீங்க, ஒருநாள் தாங்கும். அந்த நுண்ணுயிர் சாதா ஃப்ரிட்ஜில தட்டுலயும் இருக்கு.” பிறகு, பதறினால் மட்டும் எட்டிப் பார்க்கும் ஊர்ப்பேச்சில், “வாய்க்கரிசி போடக் கூப்பிடுதாங்க, வச்சிடுதேன்,” என்றார்.

கரன்ட் ஒருநாளில் வரவில்லை. அது வந்தபோது ஃப்ரீசரின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து தரையெல்லாம் பரவியிருந்தது. ஊரிலிருந்து திரும்பிய மேடம் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, உருகிப்போன குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து மேசையில் வைத்தார். அவற்றில் ஒன்றுகூட மறுபடி முளைக்கவில்லை. தட்டில் இருந்ததைத்தான் நம்பினார். அது நன்றாக முளைத்தது, அதே ஆரஞ்சு நிறத்தில். சாற்றை எடுத்துக் குடுவையில் விட்டார். மறுநாள் குடுவை மஞ்சளாக இருந்தது. திரும்பவும் செய்தார். மஞ்சள். வாரக்கணக்கில் செய்தார். “கெணத்துல மத்த கிருமியோட சண்ட போட்டுப் பொழைக்கறப்ப அதுக்கு அந்த விஷம் தேவையா இருந்திருக்கு. இங்க தட்டுல கஷ்டப்படாம சோறு. எதுக்குத் தேவை? மறந்துடுச்சு,” என்றார். குடுவைகளுக்குப் பதிலாக ஃப்ரீசரை ஓட்டச் சொல்லியிருக்கக் கூடாதா என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டிருந்திருப்பார். என்னிடம் ஒருமுறையும் அதைப் பேசியதில்லை.

மறுபடி அந்தக் கிணற்றுக்குப் போய்ப் புதிதாக எடுத்துவந்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார். சவுக்குத் தோப்பு இருந்த இடம் வெட்டவெளியாகக் கிடந்தது. செம்மண் கொட்டிச் சமன்படுத்தி, வரிசையாக வெள்ளைக் கல் நட்டு, காற்றில் படபடக்கும் கலர்க் கொடிகள் கட்டியிருந்தார்கள். குடைநிழலில் உட்கார்ந்திருந்த ஓர் ஆள் நாங்கள் மனை பார்க்க வந்தோம் என்று எழுந்து வந்தார். மேடம் கிணற்றைப் பற்றிக் கேட்டார். “கெணறா? அது மூடிட்டோமே மேடம். கெணறு கீற மனைய எவன் வாங்குவான்? தண்ணிக்கி நீங்க பேஜாராவாதீங்க, போர் போட்டுக் குடுத்துடறோம்,” என்றார். எந்த இடத்தில் இருந்தது என்று காட்ட முடியுமா என்று மேடம் கேட்டார். அவர் அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, எல்லாம் ஒரேமாதிரி இருப்பதால் தனக்கே தெரியவில்லை என்றார்.

அதன்பிறகு இரண்டு மூன்று வருடங்கள், மழை இல்லாத சனிக்கிழமைகளில் நாங்கள் கிணறு தேடினோம். திருப்போரூரிலிருந்து சதுரங்கப்பட்டினம்வரை, கடலை ஒட்டிய தோப்புகளிலும் கைவிட்ட வயல்களிலும் எங்கெல்லாம் கிணறு இருந்ததோ அங்கெல்லாம் குனிந்து பார்த்திருக்கிறோம். கயிற்றில் கட்டிய வாளியை நான் இறக்குவேன். மேடம் வெள்ளைத் தட்டில் தண்ணீரை ஊற்றிப் புழு தேடுவார். “இன்னா மேடம் தேடிகினு கீறீங்க, எதுனா விழுந்திடிச்சா?” என்று கேட்காதவர்கள் இல்லை. ஆமாம் என்று மேடம் சொல்லிவிடுவார். மத்தியானம் கடற்கரையில் சவுக்கு நிழலில் உட்கார்ந்து நான் கொண்டுபோன சோற்றைச் சாப்பிடுவோம். அதிகம் பேச மாட்டோம். எனக்கும் கல்யாணம் ஆகவில்லை. வந்த இடங்கள் தள்ளிப்போய், பிறகு வருவதே நின்றுவிட்டது. அவர் அதைப் பற்றிக் கேட்டதில்லை, நானும் அவரைக் கேட்டதில்லை. அலையைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் ஒருவர் சாப்பிடுகிற சத்தத்தைக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. ஆரஞ்சு நிறத்தில் பல முளைத்தன. குடுவையின் நிறத்தை நிறுத்தி வைக்க அவற்றில் எதனாலும் முடியவில்லை. ஆராய்ச்சிக்கான உதவித்தொகை நின்றதும் சனிக்கிழமைகளும் நின்றன.

பிறகு ஒரு மாதம் நர்ஸ் என் ரத்தத்தைச் சோதித்துவிட்டு மேடத்தைத் தனியாகக் கூப்பிட்டார். மேடம் வந்து என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். “உங்களுக்கே ரத்தம் குறைஞ்சு போச்சு. டாக்டரப் பாருங்க. இனிமே எடுக்க வேண்டாம்,” என்றார். ஒரு மாதம் விட்டுக் கொடுக்கிறேனே என்றேன். “வேண்டாம். பேங்க்லேருந்து பாக்கெட் வாங்கிக்கலாம்,” என்றார். அக்கறையால்தான் சொன்னார், எனக்குத் தெரியும். ஆனால் படியிறங்கி வரும்போது, வேலையிலிருந்து நீக்கப்பட்டவள்போல இருந்தது. மேலே போக இனி எனக்குக் காரணம் இல்லை. மேடத்துக்கு வேண்டிய பொருள்களை அட்டெண்டர் வந்து வாங்கிப்போவார். வளாகத்தில் எதிரே வந்தால் சிரித்துக்கொள்வோம். ஒருவரையொருவர் பார்க்க வேண்டுமானால் எங்கள் இருவருக்குமே ஒரு வேலை தேவைப்பட்டது. வேலை இல்லாமல் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை.

கிணற்று நுண்ணுயிரைப் பற்றி அவரால் எதையும் எழுத முடியவில்லை. திரும்பச் செய்து காட்ட முடியாததை விஞ்ஞானத்தில் எழுதக் கூடாது. ஒட்டுண்ணி சர்க்கரையைப் பாதி எரிப்பதைப் பற்றிய கட்டுரை மட்டும் வெளிவந்தது. அதை அச்செடுத்துக்கொண்டு அவரே ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு வந்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு வரியைக் காட்டினார். பெயர் குறிப்பிடாத ஒரு கொடையாளருக்கு அதில் நன்றி சொல்லியிருந்தது. “பேர் போடக் கூடாதுன்னு விதி,” என்று மன்னிப்புக் கேட்பதுபோல நின்றார். பரவாயில்லை மேடம் என்றேன். இதை எழுதும்போது நானும் அவர் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு அப்படி விதி ஏதும் கிடையாது. அவருக்குப் பிடிக்காது என்று தெரியும்.

அவர் ஓய்வு பெற்ற அன்று இன்டர்காம் அடித்தது. மேலே வர முடியுமா என்றார். குடுவைகளை எடுத்து நடத்த யாரும் முன்வரவில்லை. எல்லாவற்றையும் மேசையில் அடுக்கியிருந்தார். அவை மஞ்சளாகியிருந்தன. அன்று ஊட்டவில்லை. ப்ளீச்சிங் திரவத்தை ஒவ்வொன்றாக ஊற்றினார். சிவப்பு பழுப்பாகி, பழுப்பு வெளிறி, கடைசியில் அழுக்குத் தண்ணீராக நின்றது. நெடி கண்ணைக் கரித்தது. “கொல்றதுக்கு வழி தேடித்தான் வளத்தேன்,” என்றார். “கடைசில ப்ளீச்ச ஊத்திக் கொல்லுதேன்.” கையுறையைக் கழற்றிவிட்டு வெகுநேரம் கை கழுவினார். நான் இன்குபேட்டரின் கதவை மூடினேன். உள்ளே இன்னும் சூடு இருந்தது.

அதற்குப்பின் நானும் ஓய்வு பெற்றேன். அம்மா போய்விட்டாள். கருங்குழி வீடு, வெளியூரில் குடும்பத்தோடு இருந்த என் தம்பிக்கு என்று ஆனது. கூடுவாஞ்சேரியில் ரயில் நிலையத்துக்கு அருகே ஓர் அறை எடுத்து இருக்கிறேன். காலையில் ஜனங்கள் ரயிலைப் பிடிக்க ஓடுவது மாடியிலிருந்து தெரியும். ஓடி முடிந்ததும் தெரு காலியாகிவிடும். நான் ஒருத்திக்கான சமையலும் துணி துவைப்பதும் முடிந்துவிட்டால் அந்த நாள் முழுவதும் என் முன்னே அப்படியே கிடக்கும். போன மாதம் ஒரு நாள் அப்படிக் கிடந்தபோது, புடவையை மாற்றிக்கொண்டு செங்கல்பட்டு போய், மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பூஞ்சேரி வீட்டை விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இத்தனை வருடங்களில் நான் அங்கே போனதில்லை. சுற்றிலும் மாடி வீடுகள் எழும்பியிருந்தன. மேடம்தான் கதவைத் திறந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். ஆனால் அவர் முகத்தில் முதலில் வந்தது கவலை. “என்ன விஷயம்?” என்றார்.

“விஷயம் ஒண்ணும் இல்ல மேடம். சும்மாதான் வந்தேன்.”

கதவைப் பிடித்தபடி சற்று நேரம் நின்றார். சும்மா வருகிறவர்களை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கூடத்தில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. மொட்டைமாடிக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து, அதன்மேல் இருந்த தூசியைத் துடைத்து, தன் நாற்காலிக்கு எதிரே போட்டுப் பார்த்தார். பிறகு நகர்த்திப் பக்கத்தில் போட்டார். காலையில் அதே நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது, எழுந்து என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை என்றார். என் ஊரையும் அம்மாவையும் கேட்டார். அம்மா போனதைச் சொன்னேன். எனக்குச் சொல்லவில்லையே என்றார். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றேன். தலையசைத்தார். அது அவருக்குப் புரிந்தது.

பேசிக்கொண்டே இருந்தவர் வெயில் ஏறிய வேளையில் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுந்து போனால் கதவுச் சத்தத்தில் விழித்துக்கொள்வார் என்று முதலில் உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்தக் காரணமும் தேவைப்படவில்லை. தூரத்தில் செங்கல்பட்டு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்புவது கேட்டது. இன்னொன்றும் போனது. ஜன்னல் வழியாக விழுந்த வெயில் தரையில் நகர்ந்து சுவரேறியது. அவர் மூச்சுவிடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்தில் இருந்தேன்.

கண் விழித்ததும் ஒரு கணம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீ இன்னும் போகலியா?” என்றார்.

“இல்ல மேடம்.”

 நான் எழுந்து, அடுப்படியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கத்திரிக்காய் கொஞ்சம் கிடக்கிறது, ரெண்டு பேருக்குப் பத்துமா தெரியவில்லை என்றார். பத்தும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.